இளஞ்சிவப்புக் கல்லின் கதை: நாம் சூளையில் எரித்ததும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முயல்வதும்



அண்மைக்காலமாக எமது ஊர் இளைஞர்கள் சிலர் வீட்டில் உப்புநீர் மீன் தொட்டி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. சந்தியில் நின்று நேரத்தை வீணாக்குவதை விட ஆயிரம் மடங்கு மேல். அப்படித் தொட்டி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன கிழமை எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், வெளிநாட்டு வீடியோக்கள்ல தொட்டிக்குள்ள கல்லெல்லாம் ரோசா நிறமாக் கிடக்கு. எங்கட தொட்டியில வெறும் வெள்ளையாத்தான் கிடக்கு. கடல்ல இறங்கி நாலு கல்லு எடுத்துக்கொண்டு வந்து போட்டாச் சரிவருமா?"

உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியபோதுதான் அது ஒரு வசனத்தில் முடியும் பதில் அல்ல என்று விளங்கியது. அதற்குள் ஏறக்குறைய 270 வருட வரலாறு இருக்கிறது. எமது சுண்ணாம்புச் சூளையும், பள்ளிவாசல் சுவரும், வெற்றிலை வட்டாவும் அதற்குள் இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

■ அது கல்லா, பாசியா?

முருகைக்கற்பாறைக்கு நீந்திப் போனவர்களுக்குத் தெரியும். பாறையின் பக்கங்களிலும் இடுக்குகளிலும் யாரோ நிறப்பூச்சு ஊற்றியது போல இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு படை ஒட்டிக்கிடக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. கத்தியால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும். அதைக் 'கொரலைன் அல்கா' என்பார்கள். நாம் சுலபமாகச் 'சுண்ணாம்புப் பாசி' என்று வைத்துக்கொள்வோம்.

அது கல் அல்ல, கல்லின் சாயமும் அல்ல. அது உயிருள்ள ஒரு செவ்வல்கா. மற்றப் பாசிகளைப் போலச் சூரிய ஒளியில் ஒளித்தொகுப்புச் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் கலச்சுவருக்குள்ளேயே சுண்ணாம்பாகப் படியவைக்கிறது. தானே செடி, தானே கல்.

இந்த இரட்டைத் தன்மைதான் படித்தவர்களையும் நெடுங்காலம் குழப்பியது. 1755 இல் லண்டன் வணிகரான ஜோன் எல்லிஸ் இவ்வகை உயிரினங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். முருகைக்கல்லைப் போல இவையும் சிறு பிராணிகளின் வேலை என்பது அவரது முடிவு. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயசும் இவற்றை விலங்குகளின் பட்டியலில்தான் சேர்த்தார். 1766 இல் பல்லாஸ் என்ற அறிஞர் இவை தாவரங்கள் அல்லவா என்று சந்தேகம் எழுப்பினார். ஆனால் பெயர் பெற்றவர்களின் கருத்தைத் தாண்டி அது எடுபடவில்லை.

பிரான்சின் லமார்க் 1801 இல் இதற்கு 'நல்லிப்போரா' என்று பெயர் வைத்தார். 'துளையே இல்லாதது' என்று அர்த்தம். முருகைக்கல்லில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு துளை உண்டு. இதில் தேடித்தேடிப் பார்த்தும் துளை கிடைக்கவில்லை. கிடைக்காததையே பெயராக வைத்துவிட்டார்! கடைசியில் 1837 இல் ஜேர்மனியரான பிலிப்பி, இவை பிராணிகள் அல்ல, தாவரங்களே என்று நிறுவினார். துளை இல்லாததற்குக் காரணம், உள்ளே குடியிருக்கப் பிராணியே இல்லை என்பதுதான்.

எல்லிஸ் நூல் எழுதியதிலிருந்து இதை உறுதிசெய்ய 82 வருடங்கள் எடுத்தன. கையில் நுணுக்குக்காட்டி வைத்திருந்தவர்களுக்கே இவ்வளவு காலம் தேவைப்பட்டதென்றால், அதை வெறும் கல் என்று நினைத்து வெட்டிய எமது முன்னோர்களை நாம் குறை சொல்ல முடியாது.

■ பாறையின் கொத்தனார்

1836 ஏப்ரல் மாதம் சார்ள்ஸ் டார்வின் இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுகளில் இறங்கினார். அலை வந்து உடையும் பாறை விளிம்பில் முருகைக்கற்பிராணிகள் வாழ முடியாத ஓர் உயரத்தில், இந்த நல்லிப்போராக்கள் தடித்த படையாக மூடி அணைக்கட்டுப் போல நிற்பதைக் கண்டார். முருகைக்கற்பாறைகள் பற்றி 1842 இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிவுசெய்தார். கடல் முழு வேகத்தோடு அடிக்கும் இடத்தில் பாறையைக் காப்பது இந்தப் பாசிதான் என்பது அப்போதே எழுத்தில் வந்துவிட்டது.

1896 இலிருந்து 1898 வரை லண்டன் றோயல் சொசைற்றி, பசுபிக்கிலுள்ள பூனாபூட்டி என்ற பவளத்தீவில் துளையிட்டுப் பார்த்தது. டார்வின் சொன்னபடி முருகைக்கல் ஆழம் வரை போகிறதா என்று அறிவதே நோக்கம். துளை 1,114 அடி வரை இறங்கியது. மேலே வந்த மாதிரிகளில் முருகைக்கல் மட்டும் இருக்கவில்லை. சுண்ணாம்புப் பாசியும் வேறு சுண்ணாம்பு உயிரினங்களும் பெரும் பங்கு வகித்தன. 'பவளத்தீவு' என்று சொன்னாலும் அதைப் பவளம் தனியாகக் கட்டவில்லை.

அதே காலத்தில், 1899 முதல் 1900 வரை, 'சிபோகா' என்ற டச்சுக் கப்பல் இந்தோனேசியக் கடல்களை ஆராய்ந்தது. அதில் போனவர்களுள் அன்னா வெபர் வான் பொசே என்ற பெண்மணியும் ஒருவர். கடற்பாசியே அவரது துறை. நோர்வே நாட்டு அறிஞர் பொஸ்லியோடு சேர்ந்து 1904 இல் அந்தக் கடல்களின் சுண்ணாம்புப் பாசிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1910 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. நெதர்லாந்தில் அந்தக் கௌரவம் பெற்ற முதல் பெண் அவர். 'பெண் பிள்ளைக்கு விஞ்ஞானப் பிரிவு எதற்கு?' என்று இன்றும் கேட்கும் பெற்றோருக்காக இதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

இவ்வளவு ஆராய்ச்சியிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வீடு கட்டும்போது கல்லை அடுக்கினால் மட்டும் சுவர் நிற்காது. இடையில் சாந்து வேண்டும். கடலில் முருகைக்கல் என்பது கல். சுண்ணாம்புப் பாசி என்பது சாந்து. உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பிடித்து ஒட்டி, மேலே பூசி, அலைக்கு முகம் கொடுக்கும் வேலை அதனுடையது.

இன்னொரு வேலையும் உண்டு. முருகைக்கற்பிராணியின் குடம்பி நீரில் மிதந்து திரிந்து, ஓரிடத்தில் ஒட்டிய பின்தான் முருகைக்கல்லாக வளரும். எங்கே ஒட்டுவது என்று எப்படித் தெரியும்? 1980 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மோர்ஸ் தம்பதியினர் கரிபியன் கடலின் சில முருகைக்கல் இனங்களை வைத்து ஆராய்ந்தார்கள். குடம்பிகள் குறிப்பிட்ட சுண்ணாம்புப் பாசிகளிலுள்ள ஓர் இரசாயனத்தை உணர்ந்த பிறகே ஒட்டி உருமாறுகின்றன என்று கண்டார்கள். பாசி இருந்தால் குடம்பி இறங்கும், இல்லாவிட்டால் கடந்து போய்விடும். பயிர்நிலத்துக்கு மேல்மண் போலத்தான் இது. அந்தப் படை போய்விட்டால் கல் இருந்தும் பயனில்லை.

■ கண்ணாடிக்குள் ஒரு கடல்

இனித் தொட்டியின் கதைக்கு வருவோம்.

1846 இல் இங்கிலாந்தில் அன்னா தைன் என்ற பெண்மணி, டோர்கி கடற்கரையிலிருந்து சில உயிருள்ள முருகைக்கற்பிராணிகளைச் சாடியில் லண்டனுக்குக் கொண்டுபோனார். காற்றுப் பம்பி இல்லாத காலம். வீட்டுப் பணிப்பெண், ஜன்னலோரம் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிமாறி ஊற்றிக்கொண்டே இருப்பார். எமது தேநீர்க்கடையில் தேநீர் ஆற்றுவது போலத்தான்! அப்படி ஊற்றும்போது காற்று நீரில் கரையும். பிறகு கடற்செடிகளையும் சேர்த்து வளர்த்தார். அந்தப் பிராணிகள் ஏறக்குறைய மூன்று வருடம் உயிரோடு இருந்தன. 1853 இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

ஆனால் வெப்பக் கடலின் முருகைக்கல்லை வீட்டில் வளர்ப்பது அதன்பின் நூறு வருடம் கடந்தும் பெரிதாகக் கைகூடவில்லை. மீன் கொஞ்சநாள் இருக்கும், பிறகு சாகும். முருகைக்கல்லை வெளிற வைத்து, வெறும் எலும்பாகத்தான் தொட்டியில் அலங்காரத்துக்கு வைப்பார்கள்.

மாற்றம் எமது பக்கத்திலிருந்துதான் வந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், விலைகூடிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைத் துண்டுகளையும் மெல்லிய காற்றுக்குமிழிகளையும் மட்டும் வைத்துத் தொட்டியை நடத்தினார். 1961 இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் அதை எழுதினார். 'உயிர்ப்பாறை' என்றால், மேலே சுண்ணாம்புப் பாசி, உள்ளே பக்ரீரியா, புழு, சிறு நத்தை எல்லாம் குடியிருக்கும் பாறைத்துண்டு. தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தது அந்தப் பாறையில் குடியிருந்த உயிர்கள்தான்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. அலங்காரக் கடல்மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் 1930 களில் சிறிய அளவில் எமது நாட்டில்தான் ஆரம்பித்தது என்று இத்துறை அறிக்கைகள் குறிப்பிடுகின்றன. பின்னர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பரான சுழியோடி றொட்னி ஜொங்க்லாஸ் இத்தொழிலில் பெயர் பெற்றவரானார். தொழில் பெருகியபோது கேடும் வந்தது. முருகைக்கல்லின் மேல் 'மொக்சி' வலையைக் கவிழ்த்துப்போட்டு, உள்ளே பதுங்கும் மீனைக் கலைக்கக் கம்பியால் கல்லை உடைப்பார்கள். ஒரு மீனுக்காகப் பல வருடத்து வளர்ச்சி போய்விடும்.

■ ஜேர்மன்காரரின் சுண்ணாம்புத் தண்ணீர்

உயிர்ப்பாறை வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. தொட்டிக்குள் முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பாசியும் வளர வளர நீரிலுள்ள கல்சியம் தீர்ந்துகொண்டே போகும. கடல் பெரியது, தீராது. தொட்டியில் இருப்பதோ சில நூறு லீற்றர். கல்சியம் குறைந்ததும் இளஞ்சிவப்பு வெளிறும், கல் வெறும் வெள்ளையாகும், பச்சை மயிர்ப்பாசி ஏறும்.

1970 களில் பீற்றர் வில்கன்ஸ் என்பவர் ஜேர்மன் மொழியில் எழுதிய நூல்கள் மூலம் ஒரு வழி பரவியது. அதன் பெயர் 'கல்க்வாசர்'. ஏதோ பெரிய மருந்து என்று நினைக்காதீர்கள். கல்க் என்றால் சுண்ணாம்பு. வாசர் என்றால் தண்ணீர். சாட்சாத் சுண்ணாம்புத் தண்ணீர்!

தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளுக்கு நாம் செய்துகாட்டும் அதே தெளிந்த சுண்ணாம்பு நீர்தான். குழாயால் ஊதினால் பால் நிறமாக மாறும் அல்லவா? எமது மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கல்சியம் காபனேற்று ஆவதால் அந்த நிறம். முருகைக்கல்லும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். தொட்டியிலிருந்து ஆவியாகிப்போகும் நீருக்குப் பதிலாக இந்தச் சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விட்டபோது கல்சியம் திரும்பக் கிடைத்தது, நீரின் காரத்தன்மையும் நிலைத்தது. பாறைகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவின. 1980 களில் பேர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையையும் நுரைபிரித்து அழுக்ககற்றும் கருவியையும் சேர்த்து முறையைச் சீராக்கினார்கள். அமெரிக்காவில் வோல்ற்றர் அடே என்ற அறிஞர், சுண்ணாம்புப் பாசி ஆய்விலேயே தன் தொழிலை ஆரம்பித்தவர், 1980 இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குள் உயிருள்ள ஒரு பாறைத்தொகுதியையே அமைத்துக் காட்டினார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அந்த ஊர்க்காரர் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக் கண்ணாடிக்குள் ஒரு சாண் முருகைக்கல்லை வளர்க்கப் பாடுபட்டார்கள். அதே காலத்தில் எமது நாட்டுக் கரையில் முருகைக்கல்லை எரித்துச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தோம்.

■ எமது சூளைகள்

சூளையின் கணக்கு எளியது. நூறு கிலோ சுத்தமான கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு ஆகாயத்துக்குப் போகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்து நீறும். அதுதான் சாந்துக்கும் வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும்.

இதில் எமக்கும் பங்குண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. சீமெந்து வருவதற்கு முன் கரையோர மக்களுக்கு இருந்த சாந்து இதுதான். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவர் முருகைக்கல். மாலைதீவின் தலைநகரில் 1658 இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கித் எனும் ஜும்ஆப் பள்ளிவாசல் முருகைக்கல்லைச் செதுக்கியே கட்டப்பட்டது. இன்றும் அழகாக நிற்கிறது. நோன்பு வருமுன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்ததும், கல்யாண வீட்டில் வெற்றிலை வட்டாவில் சுண்ணாம்பு வைத்ததும் எமது பெரியவர்களின் வாழ்க்கை. அல்லாஹ்வின் இல்லத்தைக் கட்டியவர்களை நாம் குற்றவாளி ஆக்கவில்லை. அவர்கள் தேவைக்கு எடுத்தார்கள். தேவை வியாபாரமானபோதுதான் கணக்குப் பிழைத்தது.

1984 இல் தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடை தொடக்கம் திக்வெல்லை வரை எடுத்த கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குப் போவதாகத் தெரியவந்தது. நிலத்துக்கடியில் தோண்டிய பழைய கல்லும் அதில் உண்டு, கடலிலிருந்து உடைத்ததும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லைத் தோண்டுவது, சேர்ப்பது, வைத்திருப்பது, எரிப்பது, ஏற்றிச்செல்வது எல்லாம் தடைசெய்யப்பட்டன. அந்தத் தொழிலை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் கஷ்டப்பட்டன என்பதும் உண்மை. களவாக வெட்டுவது தொடர்ந்ததும் உண்மை.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அன்றைய நாளை எமது கிழக்கு மாகாண மக்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, மூதூர், கிண்ணியா என்று நாம் இழந்தவர்களின் கணக்கு எமது வீடுகளிலேயே இருக்கிறது. ஷஹீத்களாக அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆய்வாளர்கள் தென்மேற்கில் ஒரு விடயத்தைக் கவனித்து 2005 இல் வெளியிட்டார்கள். பெரலிய என்ற ஊரில் ரயில் அடித்துச்செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே அலை சுமார் 10 மீற்றர் உயரம், கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஹிக்கடுவையிலோ இரண்டு, மூன்று மீற்றர் உயரம், சுமார் 50 மீற்றர்தான் உள்ளே வந்தது. ஹிக்கடுவையில் பாதுகாக்கப்பட்ட முருகைக்கற்பாறை இருந்தது. பெரலியவின் முன்னால் அது வெட்டப்பட்டிருந்தது.

பாறை இருந்தால் சுனாமி வராது என்று நாம் சொல்லவில்லை. கடலடியின் அமைப்பு, கரையின் வடிவம் என்று பல காரணங்கள் உண்டு. எமது கரைகள் பலவற்றில் மணல்தானே தவிரப் பாறை இல்லை. ஆனால் அல்லாஹ் வைத்த ஒரு சுவரை நாம் கையால் உடைத்துவிட்டால், அலை வரும் நாளில் அந்த இடம் திறந்துதான் கிடக்கும்.

■ அப்படியானால் தொட்டியில் எப்படி வளர்ப்பது?

இனி எமது மாணவரின் கேள்விக்குப் பதில். கடலில் கல் எடுக்காமலே இது முடியும்.

முதலாவது, கல். சுத்தமான சுட்டமண் ஓட்டுத்துண்டு, பளபளப்புப் பூசாத பீங்கான் என்பன போதும். விஞ்ஞானிகள் கடலுக்குள் முருகைக்கற்குடம்பி ஒட்டுகிறதா என்று பார்க்க வைப்பதும் சுட்டமண் ஓட்டைத்தான். சுண்ணாம்புப் பாசி கண்ணாடியிலும் பம்பியின் பிளாஸ்ரிக்கிலுமே வளரும்.

இரண்டாவது, விதை. இளஞ்சிவப்பு ஏற்கனவே பிடித்திருக்கும் ஒருவரின் தொட்டிக் கண்ணாடியிலிருந்து சுரண்டிய ஒரு தேக்கரண்டித் தூள் போதும். நீரோட்டம் உள்ள இடத்தில் தூவிவிட்டால் சரி. ஒருவர் வளர்த்தால் பத்துப்பேருக்குக் கொடுக்கலாம். எமது உம்மாமார் தயிருக்கு உறை வாங்குவது போலத்தான்.

மூன்றாவது, நீர். இயற்கைக் கடல்நீரில் லீற்றருக்குக் கல்சியம் 410–420 மில்லிகிராமும், மக்னீசியம் 1,290 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். அந்த மட்டத்திலிருந்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்னீசியத்தை மறக்க வேண்டாம். இந்தப் பாசி படியவைக்கும் சுண்ணாம்பில் மக்னீசியம் அதிகம். காரத்தன்மை வளர்ப்பாளர்கள் சொல்லும் ஜேர்மன் அலகில் 8–9, வெப்பநிலை 25–27 பாகை செல்சியஸ் போதும். எண்ணை விட முக்கியம், அது நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது.

நான்காவது, அழுக்கு. மீனுக்குத் தீனியை அள்ளிப் போட்டால் நீரில் பொசுபேற்று ஏறும். பொசுபேற்று சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும், பச்சைப்பாசியை வளர்க்கும். பச்சைப்பாசி மூடினால் இளஞ்சிவப்பு மூச்சுமுட்டிப் போகும். சிறு நத்தைகள் பச்சைப்பாசியை மேய்ந்து உதவும். கடல் முள்ளெலியோ சுண்ணாம்புப் பாசியையும் சேர்த்துச் சுரண்டித் தின்னும், கவனம்.

ஐந்தாவது, வெளிச்சம். கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். 1984 இல் பஹாமாஸ் கடலில் 268 மீற்றர் ஆழத்தில் ஒரு சுண்ணாம்புப் பாசி வாழ்வதைக் கண்டுபிடித்தார்கள். சூரிய ஒளியின் மிகச்சிறு பகுதிதான் அங்கே எட்டும். தொட்டியில் முதல் புள்ளிகள் பெரும்பாலும் நிழலான பக்கத்திலேயே வரும்.

ஆறாவது, சுண்ணாம்பு நீர். வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு கலப்பு இருக்கலாம். சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டை நன்னீரில் கலக்கி, அடியில் படிய விட்டு, மேல் தெளிவை மட்டும், இரவில், துளித்துளியாக. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12 க்கு மேல். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே செத்துப்போகும். கண்ணில் பட்டால் ஆபத்து. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, பொறுமை. கரிபியன் கடலில் செயின்ற் குரோய் தீவில் அடேயும் அவரது சகாவும் 1975 இல் வெளியிட்ட அளவீட்டின்படி, இந்தப் பாசியின் விளிம்பு மாதத்துக்கு 1–2 மில்லிமீற்றர்தான் பரவுகிறது. தடிப்பு ஆண்டுக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர். தொட்டியில் முதல் புள்ளி தெரியவே வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும்.

■ கணக்கைப் பார்ப்போம்

அந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் மாணவரிடம் திரும்பச் சொன்னோம். "தம்பி, நீ கடலில் பெயர்த்தெடுக்க நினைக்கும் கல்லின் மேல் இரண்டு சென்றிமீற்றர் தடிப்பில் பாசி இருந்தால், அது வேகமாக வளர்ந்திருந்தாலும் நாலு வருடம். மெதுவாக வளர்ந்திருந்தால் இருபது வருடம். உன் வயதே அவ்வளவுதானே?" அவர் சிரித்தார். பிறகு யோசித்தார்.

வெளிநாடுகளும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் திருந்தின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1989 இல் தன் கடலில் உயிர்ப்பாறை எடுப்பதைத் தடைசெய்தது. அதன்பின் அங்கே வெறும் கல்லைக் கடலில் போட்டு, பாசி பிடித்த பின் எடுத்து விற்கும் பண்ணைகள் வந்தன. தடை தொழிலைக் கொல்லவில்லை, திசைமாற்றியது. எமது இளைஞர்களும் அதை யோசிக்கலாம். சட்டப்படி, அனுமதியோடு, தொட்டியில் வளர்த்த ஓட்டுத்துண்டுகளை விற்றாலே அது ஒரு சிறு வருமானம்.

நாம் வெட்டாவிட்டாலும் ஆபத்து முடிந்துவிடவில்லை. 1998 இல் கடல் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. வளியில் கூடும் காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து நீரின் காரத்தைக் குறைக்கிறது. அப்போது முதலில் கரையும் சுண்ணாம்பு, மக்னீசியம் கூடிய இந்தப் பாசியின் சுண்ணாம்புதான். ஹவாயில் தொட்டிகள் வைத்துச் செய்து 2008 இல் வெளியிட்ட பரிசோதனையில், அமிலம் கூட்டிய நீரில் சுண்ணாம்புப் பாசி பிடிப்பது பெரிதும் குறைந்தது. உலகம் விடும் புகையை நாம் ஊரில் இருந்து நிறுத்த முடியாது. ஆனால் வெளிறிய பாறை திரும்ப எழும்ப வேண்டுமானால் குடம்பி இறங்கப் பாசி வேண்டும். அந்தப் பாசியைக் கம்பியால் பெயர்க்காமல் விடுவது எமது கையில் இருக்கிறது.

மட்டக்களப்பு மாவட்டத்தில் காயன்கேணிக் கடற்பகுதி 2019 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாசிக்குடாவும் புறாத்தீவும் எமக்குத் தூரமில்லை. பெருநாள் விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள், பிள்ளைகள் கல் பொறுக்கிப் பையில் போட்டால் 'பாவம், ஆசைப்படுகிறான்' என்று விட்டுவிடாதீர்கள். பாறையின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.

சூரா அர்-ரஹ்மானில் இரண்டு கடல்களிலிருந்து வெளிவரும் முத்தையும் மர்ஜானையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சொல்கிறான். அதை எத்தனை முறை ஓதியிருப்போம்! அருட்கொடை என்றால் அது அமானிதமும்தான். அடுத்த பரம்பரை கேட்கும்போது கையில் இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். ஊரில் சுண்ணாம்புச் சூளை வேலை பார்த்த, அல்லது கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். கல் எங்கிருந்து வந்தது, எந்த மரத்தால் எரித்தார்கள், எந்தப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர்களது ஞாபகத்தில் மட்டும்தான் உண்டு. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் எமது வரலாறு, வெட்கப்பட ஒன்றுமில்லை. எரித்த கதையைத் தெரிந்தவர்களால்தான் காக்கும் கதையையும் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

எமது மாணவர் இப்போது நாலு ஓட்டுத்துண்டோடு தொடங்கியிருக்கிறார். முதல் இளஞ்சிவப்புப் புள்ளி வந்ததும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், வரும்.

வஸ்ஸலாம்.